போராட்டக் குழு ஊராட்சித் தேர்தலில் நிற்கலாமா?

ஏரிக்கரை:
ஏரியில் மண் அள்ளுவதை எதிர்த்துச் சேர்ந்த குழு எங்களுடையது. வண்டல் எடுக்க அனுமதி வாங்கிவிட்டு, அடியில் இருந்த சவுடு மண் வரைக்கும் தோண்டினார்கள். மனு, மறியல், வழக்கு எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது குழுவுக்குள்ளேயே வாக்குவாதம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு நம் ஆளை நிறுத்தலாம் என்கிறது ஒரு தரப்பு. கூடவே கூடாது என்கிறது இன்னொரு தரப்பு. நிற்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

காரணம், தீர்மான நோட்டு. கிராம சபைக்குப் போனவர்களுக்குத் தெரியும். கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டு சுற்றி வரும், வெற்றுப் பக்கத்தில் வரிசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை உட்கார வைத்துத் தலை எண்ணிக்கை காட்டுவார்கள். நாம் எழுந்து ஏரியைப் பற்றித் தொண்டை வற்றப் பேசுவோம், ஊரே கை தூக்கும். அப்புறம் தீர்மான நகல் கேட்டு வாங்கிப் பார்த்தால் டெங்கு ஒழிப்பும் தெருவிளக்கும் இருக்கும், ஏரியைப் பற்றி ஒரு வரி இருக்காது. அந்த நோட்டு யார் கையில் இருக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கேரளத்தில் பிளாச்சிமடாவைப் பாருங்கள். 2002-ல் ஆதிவாசி மக்கள் கோகோ கோலா ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2003-ல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அதிகாரமுள்ள ஒரு ஊராட்சி எழுதிய தாள் அது.

கரிசல்மண்:
நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிராக நிற்கிறது தோழர். 2000-ல் அந்த ஆலைக்கு உரிமம் கொடுத்தது யார்? அதே பெருமாட்டி ஊராட்சிதான். மூன்றே வருடத்தில் மனம் மாற வைத்தது எது? பந்தல். அந்தப் பந்தலில் முன்னால் நின்ற மயிலம்மா எந்தப் பதவியிலும் இல்லை. பதவியில் இருந்தவர்களை அவர் தன் பக்கம் இழுத்தார்.

தலைவர் ஆனால் கையில் என்ன வரும் என்று நினைக்கிறீர்கள்? 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவை ஒருமுறை படியுங்கள். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரை மாவட்ட ஆட்சியர் நோட்டீஸ் கொடுத்து நீக்கலாம். இடையில் வட்டாட்சியரை வைத்து உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார்கள், ஆனால் முடிவு ஆட்சியருடையது. மத்திய நிதிக்குழு மானியம் வருகிறதே, 15-வது நிதிக்குழு காலத்தில் அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முன்பே கட்டிப்போட்ட பணம். மிச்சத்துக்கும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் மதிப்பீடு போட வேண்டும், பொறியாளர் கையெழுத்து வேண்டும், காசோலையில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். துணைத் தலைவரை மண் ஒப்பந்தக்காரர் பிடித்து வைத்திருந்தால் உங்கள் தலைவர் ஒரு பைப்பு கூட மாற்ற முடியாது. பைப்பு மாற்றாத தலைவரை ஊர் என்ன சொல்லும்? 'ஏரி ஏரின்னு பேசினவங்க இதுதானா கிழிச்சாங்க' என்று சொல்லும். குழுவின் பேரும் அதோடு போகும்.

மணிப்பூரின் இரோம் ஷர்மிளா ஆயுதப்படைச் சிறப்புச் சட்டத்தை எதிர்த்து 16 வருடம் உண்ணாவிரதம் இருந்தவர். 2017-ல் தௌபால் தொகுதியில் நின்று 90 ஓட்டு வாங்கினார். அந்த மக்களுக்கு அவர் மேல் மரியாதை இல்லாமலா? இருந்தது. போராட்டத்துக்குத் தரும் மரியாதையை மக்கள் ஓட்டாகத் தருவதில்லை. அது வேறு கணக்கு.

வார்டு மூன்று:
நான் ஒரு முறை வார்டு உறுப்பினராக இருந்தவள். அதனால் உள்ளே இருந்து சில விஷயம் சொல்கிறேன்.

கரிசல்மண் அண்ணா, இரோம் ஷர்மிளா நின்றது சட்டமன்றத்துக்கு, அதுவும் முதலமைச்சரை எதிர்த்து. நம் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கட்சி. ஒரு ஊருக்குள் யார் எப்படிப்பட்டவர் என்று வாக்காளருக்கு நேரடியாகத் தெரியும். அந்தத் தேர்தலையும் சட்டமன்றத் தேர்தலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அப்புறம் காசோலை விவகாரம். உண்மைதான், நான் இருந்தபோது துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்து, மேல்நிலைத் தொட்டி மோட்டார் பழுது பார்க்கவே பணம் எடுக்க முடியாமல் நின்றது. பெண்கள் குடத்தோடு வந்து அலுவலக வாசலில் உட்கார்ந்தார்கள், மறுநாள் கையெழுத்து வந்தது. உட்கார்ந்த பெண்கள் யார்? மகளிர் குழுவில் நாங்கள் சேர்த்து வைத்தவர்கள். ஆனால் துணைத் தலைவர் கையெழுத்துதான் தடை என்று அவர்களுக்குச் சொன்னது யார்? உள்ளே உறுப்பினராக இருந்த நான். வெளியே மட்டும் இருந்திருந்தால் மோட்டார் வாங்கப் பணமில்லை என்று சொல்வதை நம்பியிருப்போம். உள்ளே ஒரு ஆள் இருப்பதன் பயன் அது. கோப்பு எந்த மேசையில் படுத்திருக்கிறது என்று தெரிவது.

தலைவர் நாற்காலியைத்தான் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை. இரண்டு வார்டு பிடித்தால் போதும், தொடக்கத்துக்கு.

மேற்குத்தெரு:
யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். 'நம் ஆள்' என்கிறீர்களே, அது யார்? குழுவில் பேசுகிறவர்கள் எந்தத் தெரு, துண்டறிக்கை கொடுக்கிறவர்கள் எந்தத் தெரு, போலீஸ் வந்தால் முதலில் வண்டியில் ஏற்றப்படுகிறவர்கள் எந்தத் தெரு?

தலைவர் பதவி தலித்துகளான எங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் என்ன நடந்தது என்பது மறக்கக்கூடியதல்ல. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 1996 முதல் பத்து வருடம் ஒழுங்கான தேர்தலே நடக்க விடவில்லை. மனு போட விட மாட்டார்கள், அல்லது ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைப்பார்கள். 2006-ல்தான் நடந்தது.

ஆகவே 'பதவி வேண்டாம், வெளியே இருந்து போராடுவோம்' என்று கரிசல்மண் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பதவிக்காக உயிர் போயிருக்கிறது. எந்த அதிகாரமும் இல்லாத நாற்காலி என்றால் எங்களை உட்கார விடாமல் எதற்கு வெட்டினார்கள்?

கரிசல்மண்:
இந்தக் கேள்விக்கு நான் தலை வணங்குகிறேன் தோழர். ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒடுக்கப்பட்டவர் நிற்பதை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அது உரிமைப் போர். நான் மறுப்பது, ஒரு போராட்டக் குழு தன்னையே வேட்பாளராக மாற்றிக்கொள்வதை. இரண்டும் வேறு.

நம் கண் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். 2024 நவம்பரில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் விட்ட செய்தி வந்தது. 2025 ஜனவரி 5-ல் அந்த மாவட்டத்து ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது, எல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போனது. ஜனவரி 7 அன்று மேலூர் பகுதி மக்கள் மதுரைக்குப் பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊரில் தலைவரே இல்லாத அந்த நாட்களில்தான் மக்கள் ஜெயித்தார்கள். 2016 முதல் 2019 வரையும் தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் தேர்ந்தெடுத்தவர்கள் யாருமில்லை. ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்த நெடுவாசல் போராட்டம் அந்த இடைவெளியில், 2017-ல் நடந்தது. பதவியை நம்பி இயக்கம் கட்டினால், தேர்தலைத் தள்ளிப் போடுகிறவன் இயக்கத்தையும் சேர்த்துத் தள்ளிப் போடுவான்.

ஏரிக்கரை:
தேதி சரி, ஆனால் நடுவில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். நவம்பர் 23 அன்று கிராம சபைகள் கூடின, அந்தப் பகுதி ஊராட்சிகள் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. அப்போது தலைவர்கள் பதவியில் இருந்தார்கள், தீர்மானம் நோட்டில் ஏறியது. டிசம்பர் 9-ல் சட்டமன்றமே தீர்மானம் போடும் அளவுக்கு விஷயம் போனதில் அந்தத் தாள்களுக்குப் பங்கு இல்லையா? ஒடிசாவில் நியம்கிரியில் 2013-ல் 12 கிராம சபைகள் வேதாந்தா நிறுவனத்தின் சுரங்கத்தை நிராகரித்ததும் எழுத்தில் ஏறிய தீர்மானம்தான். உச்ச நீதிமன்றமே கிராம சபையைக் கேள் என்று சொன்ன வழக்கு அது.

205-வது பிரிவு பற்றி: திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் இளங்கோ தலைவராக இருந்தபோது கிரானைட் கழிவுக் கல்லைக் கொண்டு சிக்கனமாகக் கால்வாய் கட்டினார். விதிப்படி இல்லை என்று அவரைப் பதவியில் இருந்து நிறுத்தி வைத்தார்கள். கிராம சபை கூடி அவர் பக்கம் நின்றது. பதவி திரும்ப வந்தது, 2001-லும் ஊர் அவரையே தேர்ந்தெடுத்தது. ஆட்சியரின் அதிகாரத்துக்கு எதிராக ஊர் நின்றது என்றால், நிற்பதற்கு அங்கே ஒரு ஆள் இருந்தார் என்பதால்தான்.

மேற்குத்தெரு:
அரிட்டாபட்டியும் மேலவளவும் ஒரே மேலூர் வட்டாரம். மலையைக் காப்பாற்ற எல்லாத் தெருவும் ஒன்றாக நடந்தது நல்ல சேதி, எனக்கும் மகிழ்ச்சி. அந்த ஒற்றுமை வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்திலும் இருக்குமா என்பதுதான் என் கேள்வி. ஏரிக்கரை இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏரிக்கரை:
சொல்கிறேன். வேட்பாளரைக் குழு கூடி முடிவு செய்யப் போவதில்லை. ஒவ்வொரு தெருவிலும் தனித்தனியாகக் கூட்டம் போட்டு, உங்கள் தெருவில் முதல் கூட்டம் நடத்தி, அங்கே வரும் பெயரோடுதான் மற்றத் தெருவுக்குப் போவோம். இதை நான் குழுவில் முன்வைத்தேன், இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். போகட்டும்.

வார்டு மூன்று:
பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால்? பாதி இடம் நமக்குத்தான். எழுந்து போன அந்த இரண்டு பேர் அப்போது திரும்பி வந்து தங்கள் மனைவியை நிறுத்துவார்கள், அவர்களே கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நான் இருந்த ஊராட்சியில் பெண் உறுப்பினர்களின் கணவர்கள் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நாங்கள் வராந்தாவில் நின்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உறுப்பினர் அல்லாதவர் கூட்ட அறைக்குள் வரக்கூடாது என்று முதல் நாளே எழுதி ஒட்டுங்கள். நாற்காலியை எண்ணிப் போடுங்கள்.

கரிசல்மண்:
நீங்கள் நிற்பது என்றே முடிவு செய்துவிட்டீர்கள் போலிருக்கிறது. என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் ஒரு கேள்வி. உங்கள் ஆள் தலைவர் ஆன பிறகு, கிராம சபையில் எழுந்து, ஊராட்சிக் கணக்கு எழுதிய படிவம் 30-ஐக் காட்டு, வரவு செலவை வாசி என்று கேட்கப் போவது யார்? இதுவரை அதைக் கேட்டது நம் குழு. நம் ஆளிடம் நம் குழு கேட்குமா? கேட்டால் 'உள்ளேயே ஏன் சண்டை' என்பீர்கள். கேட்காவிட்டால் ஊரில் கேட்க வேறு யாரும் இல்லை. கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் வந்தபோது திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிக்குக் கொடுத்தார்கள். இங்கே அப்படிப் பெரிய பணம் இல்லை, ஆனால் சின்னப் பணத்திலும் கை வைக்கலாம். நல்லவர் என்பதால் கணக்குக் கேட்காமல் விட்டால் அவர் நல்லவராகவே இருப்பதற்கு யாரும் உதவவில்லை என்று அர்த்தம்.

என் யோசனை இது. தலைவருக்கு நிற்பவர் வேட்புமனு போடும் அன்றே குழுவிலிருந்து விலக வேண்டும். பொருளாளரும் வங்கிக் கணக்கும் அவரோடு போகக்கூடாது. பிரசாரத்துக்குக் குழுப் பணத்தில் ஒரு ரூபாய் எடுக்கக்கூடாது. இதற்குச் சம்மதம் என்றால் நான் தேர்தல் வேலைக்கு வர மாட்டேன், ஆனால் எதிராகவும் பேச மாட்டேன். அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து படிவம் 30 கேட்பேன்.

மேற்குத்தெரு:
இரண்டாவது ஆளாக நான் எழுந்து கேட்கிறேன். தலைவர் எங்கள் தெருக்காரராக இருந்தாலும்.

ஏரிக்கரை:
விலகும் நிபந்தனை எனக்குச் சம்மதம். பொருளாளர் யார் என்பதில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசுவோம். கரிசல்மண், தீர்மான நோட்டைப் பற்றி மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவதை வெளியில் இருந்து எப்படி நிறுத்துவீர்கள்?

கரிசல்மண்:
கையெழுத்துப் போடாமல். ஊரே போடாமல். நோட்டு வந்ததும் தீர்மானத்தை முதலில் எழுது, வாசித்துக் காட்டு, அப்புறம்தான் கையெழுத்து என்று நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களிடம் இந்த மாதமே வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குத் தேர்தல் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. யார் யார் வருகிறீர்கள்?