அண்ணையின் படம் தொடர்பாக

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நினைவுமலருக்கு அண்ணையின் படம் கேட்டிருந்தீர்கள். இரண்டு நாளில் குழுவுக்கு வந்து சேர்ந்தது ஒரே படம்தான்: சீருடையில், மீசை அரும்பி நிற்கிற அந்தப் பழைய படம். அதைப் போட வேண்டாம் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பிறகு கரைச்சல் வரக்கூடாது. அதைவிட, இயக்கத்தில் இருந்த காலத்தைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லை.

2009க்குப் பிறகு புனர்வாழ்வு முடித்து வந்தவர், காலில் கிடந்த செல் துண்டோடு வயலில் இறங்கினார். யாராவது போரைப் பற்றிக் கேட்டால், "ஓம் ஓம், வரம்பு உடைஞ்சு கிடக்கு, பாத்திட்டு வாறன்" என்று மண்வெட்டியைத் தூக்கிவிடுவார். சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் பஸ் வந்து போனாலும் கதை முடியாது.

பிரஷர் இருந்ததே தெரியாமல், கால் வீங்கி முகம் ஊதிய பிறகுதான் வைத்தியரிடம் போனார். பிறகு வாரத்தில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்துக்கு அலைச்சல், ஒவ்வொரு தரமும் நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில். கடைசியில் அக்காவின் சிறுநீரகம் பொருந்தி வந்தது. கண்டியில் வைத்தார்கள். பழுதான இரண்டையும் பெரும்பாலும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து இணைப்பார்கள் என்பதே எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். "உங்களுக்கெல்லாம் ரெண்டு, எனக்கு மூண்டு. ஆனால் ஒண்டுதான் வேலைக்குப் போகுது, எங்கடை வீடு மாதிரி" என்பார்.

லீவில் போயிருந்தபோது ஒருமுறை அவரோடு கிளினிக்குக்குப் போனேன். இரவு பஸ்ஸில் ஏ9 வழியே கண்டி. காலைக் குளிசையைப் போடாமல், கடதாசியில் சுற்றிச் சேட்டுப் பொக்கற்றில் வைத்திருந்தார். மருந்து இரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்கு, குளிசை போட முன்னர் இரத்தம் எடுக்க வேண்டுமாம். ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே, அந்த வாங்கிலில் இருந்தபடி தன் போத்தல் தண்ணீரில் விழுங்கினார். "வந்தவ ஆரெண்டு என்ரை உடம்புக்குத் தெரிஞ்சால் கலைச்சுப்போடும். குளிசைதான் காவல்காரனை நித்திரையாக்கி வச்சிருக்கு."

காவல்காரன் நித்திரை என்றால் கள்ளன் வருவான் அல்லவா? அதனால்தான் கொரோனாவுக்கு வெகு முன்பே முகக்கவசத்தோடு திரிந்தார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலிலும் ஆறவைத்த சுடுதண்ணீர்ப் போத்தலைக் கையைவிட்டு விடமாட்டார். மோர் கொடுத்தால் வாங்கமாட்டார். பெருமைக்காரன் என்று சிலர் கதைத்தார்கள், நானும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தேன். சரி, அது என் பிழை.

2018 மார்கழி வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கண்டாவளைப் பக்கமெல்லாம் தண்ணீர். காலபோகப் பயிர் கண்முன்னே தாண்டது. எல்லோரும் காணி உறுதியையும் அடையாள அட்டையையும் தேடிக்கொண்டிருக்க, இவர் இரண்டு பொலித்தீன் பைக்குள் குளிசையைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்தார். அன்று இரவு பள்ளிக்கூடத்தில் எட்டு மணிக்கு அவருடைய போன் அலாரம் அடித்தபோது, அழுதுகொண்டிருந்த சனமும் சிரித்துவிட்டதாம்.

2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்தக் குழுவில் எத்தனை பேர் ஓடித் திரிந்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அப்போதும் அவர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. டக்ரோலிமஸ், அதுதான் அந்தக் காவல்காரனை நித்திரையாக்கிற குளிசை, கம்பனி மாறினால் திரும்ப இரத்தம் சோதிக்க வேண்டும், வைத்தியரைக் கேட்காமல் ஒன்றையும் வாயில் வைக்கமாட்டேன் என்று, பெட்டியின் படத்தை அனுப்பி ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். எங்களுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு அறுவடையிலும் முதல் மூட்டை மொட்டைக்கறுப்பன் நெல் அக்கா வீட்டுக்குத்தான் போகும். "வாடகை" என்று சொல்லித் திண்ணையில் இறக்குவார். அக்கா ஏசுவார், இவர் சிரிப்பார். வெள்ளத்தில் எல்லாம் அழிந்த வருஷம் கடையில் வாங்கிக்கொண்டு போனாராம். அந்த வருஷம் மட்டும் அக்கா ஏசவில்லை.

போன மாதம் காய்ச்சல் என்று படுத்தவர், சளி நெஞ்சில் இறங்கி எழும்பவேயில்லை. அந்தியேட்டி முடிந்து அக்காவோடு கதைத்தேன். அவரிடம் ஒரு படம் இருக்கிறது: சைக்கிள் கரியரில் வாடகை மூட்டை, முகக்கவசம் நாடிக்குக் கீழே, சேட்டுப் பொக்கற் புடைத்துக்கொண்டு. கொஞ்சம் மங்கல்தான். சூரிச்சில் இருக்கிற தம்பி அதைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன், அதுவரை மலரை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.