பப் ஹாலில் நம்ம ஊர் நிகழ்ச்சி: அக்கம்பக்கத்தார் தூக்கம் கெடாமல் நடத்த என்ன செய்யணும்?

கேள்வி (பாலக்கோடு)

இங்கிலாந்து வந்து நாலு மாசம் ஆகுதுங்க. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க ஒரு எழுபது பேர் சேர்ந்து, ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்டலாம்னு ஒரு சனிக்கிழமை சாயங்காலத்துக்கு பப்போட பின்பக்க ஹாலைப் பேசியிருக்கோம். பறை, பம்பை, அப்புறம் பாட்டு, ரேஃபிள் (பரிசுச் சீட்டுக் குலுக்கல்), சாப்பாடு. மேனேஜர் சரின்னுட்டார். ஆனா "பக்கத்து வீட்டுக்காரங்க விஷயத்துல மட்டும் பார்த்து நடந்துக்கோங்க"ன்னு ரெண்டு தடவை சொன்னார். என்ன பார்த்துக்கணும்? தனியா அனுமதி ஏதாவது வாங்கணுமா?

பதில் (பென்னாகரம்)

மேனேஜர் இரண்டு தடவை சொன்னார் என்றால் அங்கே ஏற்கெனவே புகார் வந்திருக்க வாய்ப்பு அதிகம் தம்பி. "இதுக்கு முன்னாடி யார் புகார் கொடுத்தாங்க, எதுக்காக?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். பாட்டா, தோட்டத்தில் பேச்சா, கார் பார்க்கிங்கா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம்ம பக்கம் மகாபாரதத் திருவிழா என்றால் பதினெட்டு நாள் கூத்து, விடிய விடிய ஓடும். யாரும் கோபிக்க மாட்டார்கள், ஏனென்றால் கேட்கிற ஊரே அதில் பங்காளி. இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவருக்கு நம் நிகழ்ச்சியில் ஒரு பங்கும் கிடையாது. தப்பு நடந்தால் விழுகிற அடியும் நமக்கு இல்லை, மேனேஜருக்கு. பப்பின் உரிமத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லி யார் வேண்டுமானாலும் கவுன்சிலில் மனு போடலாம். விசாரித்து, புது நிபந்தனை போடுவதிலிருந்து மூன்று மாதம் வரை நிறுத்தி வைப்பது, ஒரேயடியாக ரத்து செய்வது வரை கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. நம் ஒரு சாயங்காலத்துக்காக இன்னொருவர் பிழைப்பில் கை வைத்துவிடக் கூடாது.

அனுமதி விஷயம். இங்கிலாந்து, வேல்ஸுக்கு 2003 உரிமச் சட்டம். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் வேறு சட்டம், இதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். உள்ளேயே குடிக்க மது விற்கும் உரிமம் உள்ள பப்பில், காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு, மைக் வைத்துப் பாடினாலும் டிஜே போட்டாலும் தனி அனுமதி வேண்டாம். 2012 நேரடி இசைச் சட்டம் இதற்கு வழி திறந்தது. முதலில் 200 பேர் என்று இருந்த வரம்பை 2015இல் 500 ஆக்கினார்கள். எழுபது பேர், 11 மணிக்குள் முடிவு என்றால் உங்களுக்கு இதுவே போதும். பாட்டுக்கான பதிப்புரிமை உரிமம் பப்பிடம் பெரும்பாலும் இருக்கும், ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலரும் சறுக்குவது இதற்கடுத்த இடத்தில். அனுமதி வேண்டாம் என்றால் எவ்வளவு சத்தமும் போடலாம் என்று பொருள் இல்லை. 1990 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 24 மணி நேரமும் இருக்கிறது. அதில் "இத்தனை டெசிபல்" என்ற கணக்கே கிடையாது. எந்த நேரம், எவ்வளவு நேரம், எத்தனை தடவை, எப்படிப்பட்ட தெரு என்று பார்த்து அதிகாரி முடிவு செய்வார். தொல்லைதான் என்று முடிவானால் நோட்டீஸ் வரும். அதை மீறினால் வியாபார இடத்துக்கு உச்சவரம்பு இல்லாத அபராதம்.

11 மணியைத் தாண்ட வேண்டும், அல்லது உரிமமே இல்லாத சமுதாயக் கூடத்தில் மது விற்க வேண்டும் என்றால் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பு கொடுக்கணும். கட்டணம் 21 பவுண்டு. வேலையாட்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேர்தான். 10 முழு வேலை நாள் முன்னதாக கவுன்சில் கையில் இருக்க வேண்டும். கொடுத்த நாளும் நிகழ்ச்சி நாளும் கணக்கில் வராது, வங்கி விடுமுறையும் வராது. சனிக்கிழமை நிகழ்ச்சி என்றால் பதினைந்து நாள் முந்தைய வெள்ளிக்கிழமை அதற்குக் கடைசி நாள். தவறவிட்டால், 5 முதல் 9 வேலை நாள் முன்னதாகக் கொடுக்கும் "தாமத அறிவிப்பு" என்று ஒன்று உண்டு. ஆனால் அதில் காவல்துறையோ கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஒரே ஒரு ஆட்சேபம் சொன்னால் விசாரணை இல்லாமலேயே நிகழ்ச்சி ரத்து. அதை நம்பி மண்டபம் பேசாதீர்கள்.

டிக்கெட் விலையிலேயே ஒரு மதுபானம் சேர்த்துக் கொடுத்தாலும் அது மது விற்பனைதான். இரவு 11க்கு மேல் சூடான பிரியாணி விற்றால் அதுவும் உரிமக் கணக்கில் வரும்.

என் யோசனை, 11 மணியைத் தொடவே வேண்டாம். கடைசிப் பாட்டு 10.15, விளக்கு போடுவது 10.30.

பதில் (ஊத்தங்கரை)

ஒலி சம்பந்தமாக நான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புவது பாடகர் குரல் இல்லை, பாஸ் (அடித்தொனி). 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதற்குத் திரைச்சீலையும் ஒன்றுதான், கதவும் ஒன்றுதான். குரலும் பறையின் "டண்" என்ற வெடிப்பும் சன்னலை மூடினால் நன்றாகவே அடங்கிவிடும். பாஸ் மட்டும் தரை, சுவர் வழியாகப் போய் அவர் கட்டிலில் "தும்... தும்" என்று இறங்கும். பாட்டு கேட்காது, துடிப்பு மட்டும் கேட்கும். தூங்க முயல்கிறவருக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆகவே எழுபது பேர் ஹாலுக்கு சப்வூஃபர் (பாஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கர்) தேவையே இல்லை. டிஜே கொண்டுவந்துதான் தீருவேன் என்றால், பக்கத்து வீட்டோடு ஒட்டிய பொதுச் சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூலையில் வைக்கவே கூடாது, இரண்டு சுவரும் சேர்ந்து பாஸை ஏற்றிவிடும். அடியில் கெட்டியான ரப்பர் பாய் அல்லது ஃபோம் போடுங்கள். மிக்சரில் (எல்லா மைக்கின் சத்தத்தையும் கட்டுப்படுத்தும் பலகை) ஒவ்வொரு மைக்குக்கும் "லோ கட்" பட்டன் இருக்கும், 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும். எல்லா மைக்கிலும் அதை அழுத்திவிடுங்கள். ஸ்பீக்கர் பெட்டிகளைத் தலைக்கு மேலே உயர்த்தி, கூட்டத்தைப் பார்த்துச் சற்றுக் கீழே சாய்த்தால் குறைந்த சத்தத்திலேயே கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும்.

சில பப்புகளில் மேடை ஓரம் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு எரியும் ஒரு பெட்டி இருக்கும். அது ஒலிக் கட்டுப்படுத்தி. சில விநாடி தொடர்ந்து சிவப்பு எரிந்தால் மேடை பிளக்குகளுக்கு மின்சாரம் நின்றுவிடும். வேறு ப்ளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து ஏமாற்ற வேண்டாம். அந்தப் பெட்டி உரிமத்தின் நிபந்தனையாகவே இருக்கலாம். முன்னாலேயே ஒரு நாள் போய், பறையும் பம்பையும் அடித்து எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்துவிடுங்கள்.

ஒலி சரிபார்ப்பு இப்படிச் செய்யுங்கள். கதவு, சன்னல் எல்லாம் மூடி, நிகழ்ச்சியில் வரப்போகும் உச்ச சத்தத்தில் ஒரு பாட்டு ஓடட்டும். ஒருவர் வெளியே போய் மிக அருகிலுள்ள வீட்டின் முன் நிற்கணும். பாட்டின் வார்த்தை புரிந்தாலோ, அடி எண்ண முடிந்தாலோ குறைக்கணும். ஃபோன் செயலியை மட்டும் நம்பாதீர்கள், வழக்கமான "ஏ" அளவீட்டில் பாஸ் சரியாக ஏறாது. செயலியில் "சி" அளவீடு இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டுக்கும் 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் என்றால் பாஸ் அதிகம் என்று அர்த்தம்.

சரியான அளவு கிடைத்ததும், மிக்சரின் மாஸ்டர் ஃபேடர் (மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளும் பட்டன்) நிற்கும் கோட்டுக்கு மேலே ஒரு துண்டு மாஸ்கிங் டேப் குறுக்கே ஒட்டிவிடுங்கள். நேரம் ஆக ஆகக் காது மரத்துப் போகும். மிக்சரில் இருப்பவருக்குச் சத்தம் குறைந்த மாதிரியே தோன்றும், அவர் அறியாமல் விரல் மேலே போகும். ஒன்பதரைக்குமேல் வரும் புகாரில் பலவும் இந்த ஒரு விரல் செய்யும் வேலை. டேப்பைத் தொட்டதும் விரல் நின்றுவிடும்.

இன்னொரு பெரிய ஓட்டை, சன்னல். எழுபது பேர் ஆடினால் ஹால் அடுப்பு மாதிரி ஆகிவிடும். யாரோ ஒருவர் சன்னலைத் திறப்பார், இவ்வளவு நேரம் செய்த ஏற்பாடெல்லாம் அந்த ஒரு சந்தில் வெளியே போய்விடும். ஆகவே மின்விசிறி எத்தனை, ஏசி ஓடுமா என்று முன்பே பாருங்கள். 8.30க்குச் சாப்பாடு என்று வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு அப்போது சன்னலைத் திறந்து காற்று விடுங்கள். மறுபடி மூடிய பிறகுதான் அடுத்த பாட்டு. தீயணைப்பு வெளியேறும் கதவைப் பூட்டவோ மறைக்கவோ கூடாது, மூடி மட்டும் வைக்கணும்.

பறையை அனலில் காட்டி இறுக்கும் வழக்கத்தைக் கார் பார்க்கிங்கில் செய்யாதீர்கள். புகையைப் பார்த்ததும் தீயணைப்பு வண்டிக்குப் போன் போய்விடும். ஃபைபர் தோல் போட்ட பறை கிடைக்கிறது, அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பறைக்கும் பம்பைக்கும் ஃபேடர் கிடையாது, குறைக்க முடியாது. அதனால் முதல் நிகழ்ச்சியாக 5 மணிக்கு ஹாலுக்குள் வைத்து 6.30க்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி (பாலக்கோடு)

ரொம்ப நன்றிங்க அண்ணே. அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லணுமா? சொன்னா அதுவே புகாருக்கு வழி ஆயிடாதா? பப் அங்கே நூறு வருஷமா இருக்கு, வீடுகள் இப்பத்தான் வந்ததுன்னும் சொல்றாங்க.

பதில் (பென்னாகரம்)

கட்டாயம் சொல்லணும். "நாங்கதான் முதல்ல வந்தோம்" என்ற வாதம் தொல்லை வழக்கில் நிற்காது. 2014இல் உச்ச நீதிமன்றமே அதை மறுபடி உறுதி செய்தது. புதிதாகக் கட்டும் வீடுகள்தான் பழைய பப்பின் சத்தத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2018இல் திட்டமிடல் கொள்கையில் சேர்த்தார்கள். ஆனால் அது கட்டட அனுமதி கொடுக்கும் நேரத்துக்கானது, சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு உங்களுக்கு உதவாது.

பத்து நாள் முன்னதாக ஒரு ஏ4 தாள் போதும். சுவர் ஒட்டிய வீடு, எதிர் வீடு, தோட்டம் ஒட்டிய வீடு எல்லாவற்றிலும் போடுங்கள். தேதி, எத்தனை மணிக்கு ஆரம்பம், இசை எத்தனை மணிக்கு நிற்கும், எதற்காக நிதி, ஒரு ஃபோன் எண். "முடிந்தால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்று ஒரு வரி. ஒட்டிய வீட்டுக்கு மட்டும் நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். கைக்குழந்தை இருக்கிறதா, இரவு ஷிப்ட் பார்ப்பவர் உண்டா என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்வார்கள்.

இங்கே ஆட்கள் பேசும் விதம் புரிய நாளாகும். "கொஞ்சம் சத்தமாத்தான் இருந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், தூங்கவே இல்லை என்று பொருள். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டால் அடுத்தது கவுன்சிலிலிருந்துதான் கடிதம் வரும்.

அப்புறம் நம்ம ஆட்கள் விடைபெறும் அழகு. "போயிட்டு வர்றோம்" என்று சொல்லி அரை மணி நேரம் கார் பக்கத்தில் நின்று பேசுவோம். இரவில் புகார் வர இதுவும் பெரிய காரணம். அதனால் தாம்பூலப் பையை வாசலில் வைக்காமல் ஹாலுக்குள் தூர மூலையில் வைத்துக் கொடுங்கள், பேச்செல்லாம் அங்கேயே முடியட்டும். காலி பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் கொட்டுவதும், குண்டான், கரண்டியை வண்டியில் ஏற்றுவதும் மறுநாள் காலைக்கு.

பதில் (வேப்பனப்பள்ளி)

நிதி விஷயத்தில் ஒன்றிரண்டு சேர்க்கிறேன் தம்பி. ரேஃபிள் சீட்டை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் மட்டும் விற்றால் பதிவு வேண்டாம். பரிசு வாங்க 500 பவுண்டு, செலவுக்கு 100 பவுண்டுக்கு மேல் வசூலிலிருந்து எடுக்கக் கூடாது. நன்கொடையாக வந்த பரிசு இதில் சேராது. வாட்ஸப்பில் முன்கூட்டியே விற்றீர்கள் என்றால் கதை வேறு. சங்கம் கவுன்சிலில் சிறு சங்க லாட்டரியாகப் பதிய வேண்டும், முதல் தடவை 40 பவுண்டு, பிறகு வருடத்துக்கு 20. உண்டியல் வைத்தால் முத்திரை போட்டு வைத்து, இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

இதைவிட முக்கியம், பணம் ஊர் போய்ச் சேருவது. பப்பில் பிரிட்டிஷ் குடிமக்கள் போடும் பணம் இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. ஊரில் வாங்கும் டிரஸ்ட் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வைத்திருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் பணம் போக வேண்டும். பதிவில்லாத டிரஸ்ட் கணக்கில் போட்டால் மாட்டிக்கொள்வது ஊரில் இருப்பவர்தான். போஸ்டர் அடிக்கும் முன்பே அவர்களிடம் பதிவு எண் கேளுங்கள். இல்லை என்றால், அந்தப் பதிவுள்ள வேறு அமைப்பே பணத்தை வாங்கி நேரடியாகப் பள்ளி வேலையைச் செய்யும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

பதில் (பென்னாகரம்)

தாளில் போடும் அந்த ஃபோன் எண் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. அது தொகுப்பாளருடையதாகவோ சமையல் பார்ப்பவருடையதாகவோ இருக்கக் கூடாது. ஆடாத, பாடாத, அன்றைக்குக் குடிக்காத ஒருவர், ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசக்கூடியவராக இருக்கணும். அழைப்பு வந்தால் விளக்கம் சொல்லாமல் முதலில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, பிறகு அந்த வீட்டு வாசலுக்கே போய் "இப்போ பரவாயில்லையா?" என்று கேட்கணும். ஹாலுக்குள் ரிங் கேட்காது. ஃபோனை வைப்ரேட்டில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டு, வெளிக்கதவுப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள்.