புதுப்பிப்பு: மொத்தமாகத் திறந்த மாணவர் கணக்குகளில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாக வந்தது – தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றின் கணினிக்கூடத்தில், விண்டோஸ் சேர்வரில் பவர்ஷெல் (கட்டளைகளை எழுதி வேலை வாங்கும் கருவி) மூலம் கணக்குகளை மொத்தமாகத் திறந்தால் தமிழ்ப் பெயரெல்லாம் "?????" என்று வருகிறது, சில கணக்குகள் வேலையே செய்யவில்லை என்று கேட்டிருந்தேன்.

பவர்ஷெல்லில் குற்றமில்லை. பெயர்ப்பட்டியலை எக்செலில் வெறும் சி.எஸ்.வி. (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) என்று சேமிக்கும்போதே தமிழ் அழிந்துவிடுகிறது. கோப்பை நோட்பாட்டில் திறந்து பார்க்கச் சொன்ன அண்ணைக்குத்தான் புள்ளி. தமிழ் எழுத்தையும் காக்கும் 'சி.எஸ்.வி. யு.டி.எப்-8' என்று சேமித்து, கோப்பைப் பவர்ஷெல்லுக்குள் இறக்கும் கட்டளையிலும் அதே என்கோடிங்கை (எழுத்துக் குறியீட்டு முறையை) கொடுத்ததும் பெயர்கள் சுத்தமாக வந்தன. சேர்வர் மொழியை மாற்றத் தேவைப்படவில்லை.

மற்றது, லொகின் பெயருக்கு 20 எழுத்துத்தான் எல்லை. தகப்பன் பெயரையும் பிள்ளை பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்தெழுதினால் எங்கள் பெயர்கள் சும்மா தாண்டிவிடும்! இப்போது சேர்விலக்கத்தையே லொகினாக வைத்திருக்கிறேன். அந்த இலக்கங்கள் உள்ள நிரலை எக்செலில் முதலே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள், இல்லையென்றால் முன்னாலுள்ள பூச்சியம் பறந்துவிடும்.

எதிர்பாராதது ஒன்று. கடவுச்சொல் விதிக்கு ஒத்துவராவிட்டால் சிவப்பில் பிழை வரும். ஆனாலும் கணக்கு உருவாகி, முடக்கப்பட்டபடி கிடக்கும். திரும்ப ஓடவிட்டால் 'ஏற்கெனவே உண்டு' என்று மறுக்கும். முடங்கிய கணக்குகளை சேர்ச்-ஏடிஅக்கவுண்ட் கட்டளையால் தேடியெடுத்து, புதுக் கடவுச்சொல் கொடுத்துத் திறந்துவிட்டேன். அந்தப் பட்டியலில் கெஸ்ட், கே.ஆர்.பி.டி.ஜி.டி. என்ற, சேர்வரே தனக்கென வைத்திருக்கும் இரண்டு கணக்குகளும் வரும். அவை முடங்கியே இருக்க வேண்டியவை, தொட வேண்டாம்.