மோர் பிஸ்கட்: மலைக்கான திருத்தம் (புதுப்பிப்பு)

மோர் பிஸ்கட்டுக்கு (மொறுமொறு பிஸ்கட் அல்ல; உப்பி மெத்தென்று வரும் அமெரிக்க வகை) முன்பு கொடுத்த அளவு (மைதா 250 கிராம், வெண்ணெய் 70 கிராம், மோர் 180 மி.லி., பேக்கிங் பவுடர் 2½ டீஸ்பூன், சமையல் சோடா ¼ டீஸ்பூன், உப்பு ½ டீஸ்பூன்) சமவெளிக்குச் சரி. ஊட்டி, குன்னூர்க்காரர்கள் சொன்ன குறை இரண்டு: உப்பி அமுங்குகிறது, சோப்பு வாடை அடிக்கிறது.

அமுங்குவது உயரத்தின் வேலை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் குறைவதால் வாயு சீக்கிரம் விரிந்து, மாவு வெந்து இறுகுமுன்பே தப்பிவிடும். பேக்கிங் பவுடர் 1¾ டீஸ்பூன் போதும். ஈரமும் வேகமாகப் போகும், மோரை ஒரு மேசைக்கரண்டி கூட்டுங்கள். ஓவன் 220 டிகிரி, 14 முதல் 16 நிமிடம்.

சோப்பு வாடைக்குக் காரணம் புளிக்காத மோர். இந்தக் குளிரில் தயிர் உறைவதே பெரும்பாடு, புளிப்பது எங்கே! சோடாவை முறிக்கப் புளிப்பு வேண்டும். நன்றாகப் புளித்த தயிர் 140 கிராமில் 50 மி.லி. தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள்; அவசரத்துக்கு ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. நீர்மோர் வேண்டவே வேண்டாம், மாவு ஓடிவிடும்.

வெண்ணெய் விஷயத்தில் குளிர் நமக்கு லாபம். கெட்டியாகவே துருவி, விரல் நுனியால் பிசிறி, மோர் விட்டுச் சேர்த்து 3 முறை மடித்து, 2.5 செ.மீ. கனத்தில் வெட்டுங்கள். வெட்டும் அச்சைத் திருகாதீர்கள், விளிம்பு ஒட்டிக்கொண்டு பிஸ்கட் ஒருபக்கம் சாயும்.