மண்மேட்டை ஒட்டிய கீழ்த்தட்டு அறை: பெயின்ட் அடித்த தரையை எப்படித் தயார் செய்வது?

தலவாக்கலைவாசி:
சரிவில் கட்டிய வீடு. கீழ்த்தட்டு அறை 12க்கு 14 அடி, பின்சுவர் முழுக்க மண்மேடு. சீமெந்துத் தரையில் அடித்த சிவப்பு எனாமல் பின்சுவர் ஓரமாகக் கொப்பளித்து உரிகிறது, அடியில் வெள்ளைத் தூள். நடுவில் நன்றாகவே பிடித்திருக்கிறது. இனி எப்பொக்சி (இரண்டு பாகத்தைக் கலந்து அடிக்கும் கெட்டிப் பூச்சு) அடிக்கலாம் என்று எண்ணம். அசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்கிறார்கள், சரியா?

சுண்ணாம்பு:
அசிட் சீமெந்தைத்தான் அரிக்கும், பெயின்டை ஒன்றும் செய்யாது. ஊற்றினால் ஈரமும் உப்பும் கூடும், அவ்வளவுதான்.

வெள்ளைத் தூள் உப்புப் பூப்பு. மேட்டிலிருந்து வரும் ஈரம் சீமெந்திலுள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து விடுகிறது. அந்த ஈரத்தோடு சீமெந்தின் காரமும் சேர்ந்தால் எனாமல் சவர்க்காரம் மாதிரிக் குழைந்து பிடி விட்டுவிடும். ஆகவே முதல் வேலை தரையில் இல்லை, வெளியே. பின்சுவருக்கு மேல்பக்கம் கான் வெட்டி, அதன் அடிமட்டம் அறைத் தரையை விடத் தாழ இருக்கும்படி தண்ணீரைத் திருப்பிவிடுங்கள்.

பிறகு சோதனை. சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று என்று பெயின்டைச் சுரண்டி வெறும் சீமெந்தில் 18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கள். அடியில் நீர்த்துளி இருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. பெயின்டின் மேல் ஒட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெப்ரவரியில் காய்ந்திருப்பதை நம்பிவிடாதீர்கள். தென்மேல் பருவமழை நேரத்திலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கப்வீல்:
ஈரம் அடங்கிய பிறகு கிரைண்டர். ஆனால் தடித்த எனாமலில் நேராகக் கப் வீலை (வைரத்துகள் பதித்த, கிண்ண வடிவ அரைக்கும் சில்லு) வைத்தால் எனாமல் சூட்டில் இளகி வைரத்தை அடைத்துவிடும். முதலில் சுரண்டியால் வருவதை எடுங்கள், மிச்சத்துக்கு 30 கிரிட் (பெருந்துகள்) டயமண்ட் கப் வீல். வீலைச் சரித்துப் பிடித்தால் பிறை பிறையாகப் பள்ளம் விழும். எப்பொக்சி மினுங்கும்போது அத்தனையும் தெரியும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், சீமெந்துத் தூசியும் நுரையீரலுக்குக் கேடு. வேக்குவம் பொருத்திய மூடியும் நல்ல மாஸ்க்கும் இல்லாமல் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது.

முடிந்ததும் தரை உப்புத்தாள் போலச் சொரசொரவென்று இருக்க வேண்டும். அங்கங்கே தண்ணீர் சொட்டுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சினால் சரி, முத்தாக நின்றால் பெயின்டோ எண்ணெயோ மிச்சம்.

தலவாக்கலைவாசி:
நன்றி. நடுவில் பிடித்திருக்கும் பெயின்டை அப்படியே விட்டு மேலே அடிக்க ஏலாதா?

சுண்ணாம்பு:
ஏலாது. தின்னரில் நனைத்த துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள், இளகும். எப்பொக்சியின் கரைப்பானும் அதைத்தான் செய்து சுருக்கிவிடும். இளகாவிட்டாலும், எப்பொக்சிக்குப் பிடி அந்தப் பழைய எனாமலின் பிடி அளவுதான்.

கப்வீல்:
குளிரையும் பாருங்கள். 10 பாகைக்குக் கீழே சாதாரண எப்பொக்சி இறுகாமல் நின்றுவிடும். தரையின் வெப்பம் பனிபடு நிலையை (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விட 3 பாகையாவது கூட இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிறிப் பிசுபிசுக்கும். காலை 10 மணிபோல் தொடங்கி, பின்னேர மூடுபனி இறங்குமுன் முடியுங்கள். காற்றோட்டம் வேண்டும், அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. மழைக்காலச் சோதனையிலும் ஈரம் தெரிந்தால் எப்பொக்சியை விட்டுவிட்டு சீமெந்துப் பசையில் டைல் பதிப்பதுதான் புத்தி.