கோத்தகிரிப் பக்கம் அம்மாவுக்கு ஓர் இல்லம்: மாதம் 32,000 ரூபாய் நியாயமா?

கோத்தகிரி மகள்

வணக்கம். எங்கள் ஹட்டி (படுகர் ஊர்) கோத்தகிரியிலிருந்து ஏழு கிலோமீட்டர். அம்மாவுக்கு 78 வயது. கடந்த அக்டோபர் மழையில் விறகுக் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கோவையில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது வாக்கர் பிடித்துப் பத்தடி நடக்கிறார். அதைவிடப் பெரிய கவலை மறதி. மெல்ல வந்துகொண்டிருந்தது, மருத்துவமனையில் இருந்த பன்னிரண்டு நாளில் முற்றிவிட்டது. நன்றாகத் தமிழ் பேசியவர் இப்போது படுக மொழியில் மட்டும்தான் பேசுகிறார்.

நான் கோவையில் பள்ளி ஆசிரியை. வாடகை வீடு, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அண்ணன் பெங்களூருவில். வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்தோம், மூன்று பேர் மாறிவிட்டார்கள். மாலையானால் தேயிலைக்குள் கரடியும் காட்டெருமையும் நடமாடும் ஊரில் வந்து போகிற ஆளும் கிடைப்பதில்லை.

மூன்று இல்லங்களைப் பார்த்துவிட்டேன். மலையில் ஒன்று: மாதம் 32,000, மூன்று மாத முன்பணம், பள்ளத்தாக்கைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல். மலையிலேயே இன்னொன்று: 14,000, ஆனால் தாமாக நடப்பவர்களை மட்டும் சேர்க்கிறார்கள். மூன்றாவது கோவையில், என் பள்ளியிலிருந்து அரைமணி தூரம், 24,000. அம்மாவின் ஒன்றரை ஏக்கர் தேயிலையில் பறிகூலியும் உரச்செலவும் போக மாதம் ஏழாயிரம் நின்றால் அதிகம். மீதியில் பாதியைத் தருவதாக அண்ணன் சொல்கிறார், ஆனால் நிலத்தை இப்போதே தன் பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்.

எங்கள் ஊரில் இதுவரை எந்த வீட்டிலும் தாயை இல்லத்தில் விட்டதில்லை. உறவினர் பேச்சைப் பொறுத்துக்கொள்வேன். தவறான இடத்தில் விட்டுவிட்டால் அதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

கொடைக்கானல் பேரன்

அக்கா, என் தாத்தாவை இங்கே கொடைக்கானலில் ஓர் இல்லத்தில்தான் வைத்திருந்தோம். மூச்சுக்கோளாறு உள்ளவர். ஜனவரிக் குளிரில் அறையில் ஹீட்டர் இல்லை, தரையெல்லாம் ஈரம். ஒரே குளிர்காலத்தில் மூன்று முறை சளி நெஞ்சில் கட்டியது. காற்று மழையில் மின்சாரம் போன இரவில் ஆக்சிஜன் கருவியும் நின்றது. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை! பிறகு மலையடிவாரத்தில் வத்தலக்குண்டுக்கு மாற்றினோம். ஜெனரேட்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இணையத்தில் இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு எடுத்துத்தான் வரவேண்டும். கூட்டமான பருவங்களில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள். நள்ளிரவில் அழைப்பு வந்தால் உங்கள் அண்ணன் காரில் கிளம்பும் முன் இதையும் யோசிக்க வேண்டும். அரசு பஸ்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரவுப்பணி செவிலி

தங்கைக்கு, பதினொரு ஆண்டுகள் முதியோர் இல்லங்களில் வேலை பார்த்தவள் நான். அதில் மூன்று ஆண்டுகள் நீலகிரியில். அந்தக் கண்ணாடி ஜன்னலை மறந்துவிடுங்கள். கண்புரை விழுந்த கண்ணுக்குப் பள்ளத்தாக்கும் ஒன்றுதான், பனிமூட்டமும் ஒன்றுதான்.

ஒரே ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்: இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? நான் இருந்த ஓர் இடத்தில் இரண்டு தளங்களில் 26 பேர், இரவில் நான் ஒருத்தி. அவர்களில் ஒன்பது பேர் தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். ஒருவருக்கு டயாப்பரும் மாற்றிப் புரட்டப் பத்து நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கே ஒன்றரை மணி நேரம். மணியடிக்கும் மற்றவர்களுக்கு என்னிடம் என்ன மிஞ்சும்? ஒரு விடியற்காலையில் ஒரு பாட்டியைக் குளியலறைத் தரையில் பார்த்தேன். மணியடித்திருக்கிறார், நான் கீழ்த்தளத்தில் இருந்தேன். எவ்வளவு நேரம் அந்த ஈரத்தில் கிடந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மாதமே வேலையை விட்டேன். அங்கும் மாதக் கட்டணம் குறைவில்லை.

பகல் பதினொரு மணிக்குப் போனால் எல்லா இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். மாலை ஆறரைக்குச் சொல்லாமல் போங்கள். சில இடங்களில் ஐந்தரைக்கே இரவு உணவைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். அடுத்த வாய்ச் சோறு மறுநாள் காலை எட்டு மணிக்கு. சர்க்கரைக்கு ஊசி போடுபவருக்கு இந்த இடைவெளி ஆபத்து. எல்லோரும் ஓசையின்றிப் படுத்திருந்தால் நிம்மதியடைய வேண்டாம். தூக்க மாத்திரை யாருக்கு, எந்த மருத்துவர் எழுதியது என்று கேளுங்கள். புரட்டிய நேரம் எழுதும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா வரியும் ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தால் உட்கார்ந்த இடத்தில் எழுதியது. அம்மாவைச் சேர்த்த பிறகு போகும்போதெல்லாம் அவருடைய குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் நீங்களே பாருங்கள். சிவந்திருந்தால் அன்றே சொல்லுங்கள்.

பணம். 32,000 என்பது 32,000 அல்ல. டயாப்பர் நாளைக்கு மூன்று, ஒன்று 45 ரூபாய் என்றால் அதுவே நான்காயிரத்தைத் தாண்டும். பிசியோதெரபி, மருத்துவர் வருகை, மருந்து எல்லாம் தனி. மலையிலிருந்து இறங்கினால் ஆம்புலன்ஸ் வாடகை தனி. மருத்துவமனையில் சேர்த்தால் உடன் இருக்கும் ஆளுக்கு யார் கொடுப்பது, அந்த நாட்களுக்கும் அறை வாடகை உண்டா, முன்பணம் எப்போது திரும்பும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். 14,000 இல்லத்தில், நடக்க முடியாமல் போனால் எத்தனை நாளில் வெளியேறச் சொல்வார்கள் என்பதையும் கேளுங்கள். அம்மாவின் நிலையில் அந்த இடம் எனக்குச் சரியாகப் படவில்லை.

மொழியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். என்னிடம் ஒரு படுகப் பாட்டி இருந்தார். இரவெல்லாம் 'அவ்வெ, அவ்வெ' என்று கத்துவார். வடமாநிலத்திலிருந்து வந்த பெண்கள் அவர் திட்டுவதாக நினைத்து அறைக்குள் போகவே பயந்தார்கள். கூட்ட வந்த உள்ளூர் அம்மாதான் சொன்னார், பாட்டி தன் தாயைக் கூப்பிடுகிறார் என்று. அன்றைக்கு ஒரு அட்டையில் பத்துப் படுகச் சொற்களை எழுதி, எதிரே இந்தியிலும் எழுதிக் கட்டிலில் கட்டினேன். அந்தப் பெண்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். கெட்டவர்கள் அல்ல, யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. நீங்கள் முப்பது சொற்கள் எழுதுங்கள்: பசி, வலி, குளிர், கழிப்பறை, பிள்ளைகளின் பெயர்.

நானாக இருந்தால் கோவையைத்தான் எடுப்பேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து பாதை மறித்தால் மருத்துவமனைக்கு எப்படி இறங்குவீர்கள்? கோவை வெயில் அம்மாவுக்குப் புதிது, மாடி அறை வேண்டாம், தரைத்தளம் கேளுங்கள். பள்ளி விட்டதும் சொல்லாமல் வந்து நிற்கும் மகள் இருக்கும் கட்டிலுக்கு ஊழியர்கள் இரண்டு முறை கூடுதலாக வருவார்கள். இது சரியா தவறா என்று கேட்காதீர்கள், நான் கண்டது.

வருவாய்த்துறை ஓய்வு

அம்மா, நிலத்தை அவசரப்பட்டு எழுத வேண்டாம். எழுதினால், தாயைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை செட்டில்மெண்ட் பத்திரத்திலேயே (குடும்பத்துக்குள் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். கோத்தகிரிக்குக் குன்னூர் கோட்டம். பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கும் அங்கே உத்தரவு பெறலாம். உங்கள் அண்ணன் மீது வழக்குப் போடச் சொல்லவில்லை. அந்த நிபந்தனையை எழுதிவிட்டால் இருவருக்கும் நல்லது. இல்லக் கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்ந்ததா என்றும் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் 60 வயது நிரம்பியவரிடம் மாதம் 25,000 வரை வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. சந்தேகத்துக்கு முதியோர் உதவி எண் 14567.

கோத்தகிரி மகள்

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆறே முக்காலுக்குச் சொல்லாமல் கோவை இல்லத்துக்குப் போனேன். சிலர் இன்னும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார்கள். ஏழரைக்கு இட்லி, ஒன்பதுக்குப் பால். 18 பேருக்கு இரவில் இருவர். பதிவேட்டைத் தயங்காமல் எடுத்து வைத்தார்கள், இரண்டு கையெழுத்து இருந்தது. டயாப்பரும் பிசியோதெரபியும் சேர்த்து 31,000 ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். முதலில் ஒரு மாதம், முன்பணம் இல்லாமல் ஒப்புக்கொண்டார்கள்.

சொல் அட்டையை அண்ணனுடன் தொலைபேசியில் பேசியே எழுதினேன். எனக்கு மறந்துபோன நான்கு சொற்களை அவர் சொன்னார். நிலத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறோம். ஐயா சொன்ன நிபந்தனை வரியை அதற்குள் எழுதி எடுத்துக்கொள்கிறேன்.