எர்ல்கோனிக்: ஒரு வயலினுக்குள் நாலு பேரும் ஒரு குதிரையும்

வியன்னாவில் எனக்கு முதல் குளிர்காலம். இசை மாணவர்களின் இலவசக் கச்சேரி என்று அறைத்தோழன் இழுத்துக்கொண்டு போனான். சின்ன அறை. முன்வரிசையில் உட்கார்ந்தோம். வாசித்த பெண்ணுக்கும் எனக்கும் நாலடி தூரம்தான். பியானோவை மூடிவிட்டார்கள். தனி வயலின். வயலின் கலைஞர் ஹைன்ரிஷ் வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட் 1854-ல் வெளியிட்ட 'எர்ல்கோனிக்'.

கதை ஜெர்மன் கவிஞர் கதேயுடையது. ராத்திரி, காற்று, மகனை அணைத்தபடி குதிரையில் விரையும் அப்பா. பையனின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற பேயரசன் 'என்னோடு வா' என்று கொஞ்சிக் கூப்பிடுகிறான். அவன்தான் எர்ல்கோனிக். இசையமைப்பாளர் ஷூபர்ட் இதை 1815-ல் பாட்டாக்கினார். அப்போது அவருக்கு 18 வயது. கதைசொல்லி, அப்பா, பிள்ளை, பேய் எல்லாரும் பாடகரின் தொண்டையில், குளம்படி பியானோவில். எர்ன்ஸ்ட் அத்தனை பேரையும் குதிரையோடு சேர்த்து நாலு தந்திக்குள் கொண்டுவந்துவிட்டார். எனக்கு அது வித்தை காட்டுவதாகவே படவில்லை. பயம்தான் வந்தது.

பேய் பேசும் இடத்தில் அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விரல் தந்தியை அழுத்திப் பிடிக்க, சுண்டுவிரல் கொஞ்சம் தள்ளி அதே தந்தியைச் சும்மா தொடுகிறது. அவ்வளவுதான், குரலில் இருந்த சதையெல்லாம் போய் வெறும் விசில் மாதிரி ஆகிவிடுகிறது. பிள்ளை மூன்று தடவை அப்பாவைக் கூப்பிடுவான், ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே. மூன்றாவது தடவை வில்லின் முடி இரண்டு அறுந்து அவள் முகத்துக்கு முன்னால் ஆடின. அவள் கவனிக்கவே இல்லை.

நீங்கள் இதை எங்கே கேட்டீர்கள்? எழுதுங்கள்.

---

அண்ணா, நான் கேட்டது கூரை வழியாக. மாடி வீட்டில் ஒரு வயலின் மாணவர் இருந்தார். மாதக்கணக்கில் அதே இரண்டு வரி, ஆமை வேகத்தில். எனக்குக் குதிரை மட்டும்தான் கேட்கும். அது வீட்டைவிட்டுக் கிளம்பியதே இல்லை. நடுநடுவே விசில் சரியாக விழாமல் 'கீச்' என்று போகும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

எர்ன்ஸ்டே இப்படிக் கேட்டவர்தான். வயலின் மேதை பகனினி மேல் அவருக்கு அவ்வளவு பைத்தியம். மார்செய்யில் பகனினியின் அறைக்குப் பக்கத்து அறையில் தங்கி, அவர் பயிற்சி செய்வதைச் சுவர் வழியாகக் கேட்டிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து மாடிச் சத்தத்தின் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

ஒருநாள் அந்த மாடி வீட்டு மாணவர் என்னைப் படிக்கட்டில் பார்த்தார். "தொந்தரவாக இருக்கிறதா?" என்றார். விரல்நுனியெல்லாம் தந்தி பதிந்து கோடு கோடாக இருந்தது. "இல்லை, குதிரை வீடு போய்ச் சேர்ந்ததா என்று தெரியணும்," என்றேன். சிரித்தார்.

அன்று சாயங்காலம் கதவைத் திறந்துவைத்து முழுதும் வாசித்தார். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசி வரிக்கு முன்னால் குளம்படி நின்றது. கீழ்வீட்டுப் பாட்டியும் கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தார்.